பழைய பென்ஸ் கார் ஆடுகிறதா? ரப்பரைப் பாருங்கள்!

பென்ஸ் கார்!

பெயரைச் சொன்னாலே ஒரு மதிப்பு. ஒரு காலத்தில் மில் முதலாளிகளும் சினிமா நட்சத்திரங்களும் ஏறிப்போன கார் அது.

இன்று அதே கார் பழையதாகி, நடுத்தரக் குடும்பத்தின் வாசலிலும் வந்து நிற்கிறது. புதிய சின்னக் காரைவிடக் குறைந்த விலைக்கே கிடைப்பதும் உண்டு.

வாங்கிய முதல் வாரம் ஆனந்தம். இரண்டாவது வாரம் சந்தேகம்.

"என்னங்க, இது ஏன் இப்படி ஆடுது? படகுல போற மாதிரி இருக்கே!"

வீட்டு அம்மாள் இப்படிக் கேட்டால் சிரித்து மழுப்பாதீர்கள். அந்தக் கேள்வியில் குடும்பத்தின் உயிரே அடங்கியிருக்கிறது.

எந்தக் கார்?

பழைய சொகுசுக் கார்கள் பல உண்டு. ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம். மற்ற கார்களுக்கும் பாடம் ஏறக்குறைய அதுதான்.

மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனி 1984-ம் ஆண்டின் முடிவில் ஒரு காரை வெளியிட்டது. அதன் குறியீடு டபிள்யூ 124. உலகம் முழுவதும் 25 லட்சத்துக்கும் மேலான வண்டிகள் உருவாயின.

நம் நாட்டுக்கும் அதற்கும் உறவு உண்டு. 1995-ம் ஆண்டு புனேயில் இந்தக் காரைப் பூட்டத் தொடங்கினார்கள். 'இ 220' என்ற பெயரில் அது இந்தியச் சாலைகளில் ஓடியது.

அந்தக் கார்களுக்கு இப்போது ஏறக்குறைய 30 வயது. என்ஜின் இன்னும் ஓடும். கதவு இன்னும் 'டப்' என்று கனமாகச் சாத்தும். ஆனால் ஓட்டிப் பார்த்தால் சில வண்டிகள் தள்ளாடும்.

ஏன்?

கிழடானது இரும்பு அல்ல!

காரின் அடியில் குனிந்து பார்த்தால் இரும்புக் கைகள் தெரியும். அவைதான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இரும்பும் இரும்பும் நேராக மோதினால் சத்தம் வரும், அதிரும். அதனால் ஒவ்வொரு கையின் மூட்டிலும் ரப்பர் வைத்திருக்கிறார்கள். அதற்குப் 'புஷ்' என்று பெயர்.

நம் முழங்காலில் இருக்கும் சவ்வு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதானால் எலும்பு இருக்கும், சவ்வு தேய்ந்துவிடும். பிறகு மாடிப்படி ஏறினால் வலி!

காரிலும் அதேதான். வெயிலில் ரப்பர் காய்கிறது. வேகத்தடையில் அடி வாங்குகிறது. என்ஜின் ஆயில் ஒழுகிச் சொட்டினால் ஊறிப் பஞ்சாகிவிடுகிறது.

சிலர் துருப் பிடிக்காமல் இருக்க, காரின் அடியில் டீசலும் பழைய ஆயிலும் அடிக்கிறார்கள். இரும்புக்கு அது நல்லதாக இருக்கலாம். ரப்பருக்கு அது விஷம்!

ஐந்து விரல் பிடி

இந்தக் காரின் பின் சக்கரத்தில் ஒரு விசேஷம் உண்டு.

ஒரு செம்பை ஐந்து விரலாலும் பிடித்துப் பாருங்கள். அசையாது. பென்ஸ் என்ஜினீயர்கள் இந்தக் காரின் ஒவ்வொரு பின் சக்கரத்தையும் அப்படித்தான் ஐந்து இரும்புத் தண்டுகளால் பிடித்திருக்கிறார்கள். 1982-ம் ஆண்டு '190' என்ற சிறிய பென்ஸ் காரில் முதலில் வந்த ஏற்பாடு அது. வளைவிலும் பள்ளத்திலும் சக்கரம் திசை மாறாமல் நிற்க வேண்டும் என்பதே நோக்கம்.

இரண்டு பின் சக்கரங்களுக்கும் சேர்த்துப் பத்துத் தண்டுகள். இவை அனைத்தையும் தாங்கும் சட்டம் ஒன்று நான்கு பெரிய ரப்பர் திண்டுகளின் மேல் காரோடு பூட்டப்பட்டிருக்கிறது.

ஒரு விரல் தளர்ந்தால் செம்பு சாயும். ஒரு புஷ் தளர்ந்தால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். நீங்கள் ஸ்டீரிங்கை நேராகப் பிடித்திருப்பீர்கள். கார் மட்டும் பின்பக்கமாகத் தானே 'ஸ்டீரிங்' பிடிக்கும்!

மகனின் ஆசை

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அப்பா பழைய பென்ஸ் வாங்கியிருக்கிறார். மே மாதம் குழந்தைகளோடு ஊட்டிக்குப் போக வேண்டும். "இந்த ஆட்டம் ஆடுற வண்டியில நான் மலை ஏற மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டார்.

கல்லூரி படிக்கும் மகன் ஒரு வழி சொல்கிறான்.

"அப்பா, 18 அங்குல வீல் போடலாம். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்திட்டா அப்படியே ரோட்டை ஒட்டிக்கிட்டுப் போகும்!"

அப்பா பட்டறைக்குப் போய்ப் பழைய மெக்கானிக்கிடம் கேட்கிறார்.

"என்ன அண்ணே, பையன் இப்படிச் சொல்றானே?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்க்கிறார்.

"தம்பி, மூட்டு வலிக்காரருக்குப் புது பூட்ஸ் வாங்கிக் கொடுத்தா ஓடுவாரா? முதல்ல மூட்டைப் பாரு!"

இந்தக் கட்டுரையின் சாரமே அந்த மெக்கானிக்கின் பதில்தான்.

கம்பெனியே காட்டிய வழி

இதே காரில் மிக வேகமான ரகம் ஒன்று இருந்தது. 1990-ம் ஆண்டு அறிமுகமான '500 இ'. எட்டு சிலிண்டர், 5 லிட்டர் என்ஜின். அதைப் பூட்டும் வேலையில் போர்ஷ் கம்பெனியும் பங்கெடுத்தது.

அந்தப் பந்தயக் குதிரைக்குக் கம்பெனி போட்ட வீல் என்ன தெரியுமா? 16 அங்குலம்தான். வண்டியைத் தாழ்த்திய அளவு சுமார் 23 மில்லி மீட்டர். அதாவது ஓர் அங்குலத்துக்கும் குறைவு!

'ஸ்போர்ட்லைன்' என்று இன்னொரு ஏற்பாடும் இருந்தது. சாதாரண வண்டியில் 195/65 ஆர் 15 டயர். ஸ்போர்ட்லைனில் 205/60 ஆர் 15. அதே 15 அங்குல வீல்தான். டயர் கொஞ்சம் அகலம், அவ்வளவே. ஆனால் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், வண்டி சாயாமல் தடுக்கும் கம்பி எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்த்து மாற்றினார்கள்.

ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை ஒத்துழைக்காது. ஸ்பிரிங்கை வெட்டினால் சக்கரம் ஏறி இறங்க இடம் குறையும். பள்ளத்தில் விழுந்தால் 'டம்' என்று அடிக்கும். அந்த அடி எங்கே போகும்? ஏற்கெனவே நொந்து போன ரப்பருக்குத்தான்!

சட்டத்தையும் மறக்கக்கூடாது. தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் டயர்

காரின் எடை சுமார் 1,400 கிலோ. அதில் ஐந்து பேர் ஏறுகிறார்கள். ஆனால் ரோட்டைத் தொடுவது எவ்வளவு? டயர் ஒன்றுக்கு ஓர் உள்ளங்கை அளவுதான்! நான்கு உள்ளங்கைகளை நம்பி ஒரு குடும்பம் போகிறது.

பழைய சொகுசுக் கார்கள் அதிகம் ஓடுவதில்லை. ஷெட்டிலேயே நிற்கும். அதனால் டயர் தேயாமல் புதிது போலத் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள்! ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகிப்போகும். மழை பெய்த ரோட்டில் வழுக்கும்.

டயரின் வயதை நீங்களே பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள்.

ஐந்து வயதுக்கு மேல் ஆனால் வருடம் ஒரு முறை சோதிக்க வேண்டும். பத்து வயது ஆனால் பளபளப்பாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டும்.

காற்று எவ்வளவு? யாரையும் கேட்க வேண்டாம். பெட்ரோல் ஊற்றும் மூடியின் உள்பக்கம் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் எழுதியிருக்கும். காலையில், வண்டி ஓடிச் சூடேறும் முன் காற்றைப் பாருங்கள்.

டயரும் காற்றும் சரியானாலே வண்டியின் குணம் மாறுவதைப் பலர் உணர்வார்கள்.

இரண்டாவது, பால் ஜாயிண்ட்

இது உயிர் விஷயம்.

முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் நுனியில் ஓர் உருண்டை மூட்டு இருக்கிறது. நம் தோள் மூட்டு போல எல்லாப் பக்கமும் திரும்பும். அதுதான் பால் ஜாயிண்ட்.

அது தேய்ந்து கழன்றுவிட்டால் சக்கரம் கோணலாக விரிந்துவிடும். வண்டி மூக்கடியாகத் தரையில் உட்காரும். மெதுவாகப் போகும்போது நடந்தால் தப்பிக்கலாம். நெடுஞ்சாலையில் நடந்தால்? நினைக்கவே நடுங்குகிறது!

பள்ளத்தில் இறங்கும்போது 'டக்' என்று சத்தம் வருகிறதா? ஸ்டீரிங்கைத் திருப்பும்போது முனகுகிறதா? மூட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்து மசகு வெளியே வந்திருக்கிறதா? அன்றைக்கே பட்டறைக்குப் போங்கள். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பது இதில் கூடாது.

ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகளின் நுனி மூட்டுகளையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீரிங்கைக் கொஞ்சம் திருப்பியும் சக்கரம் அசையவில்லை என்றால், தேய்மானம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மூன்றாவது, புஷ்

முன்பக்கக் கீழ்க்கையின் புஷ் தேய்ந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சாய்வைத் தடுக்கும் கம்பியின் புஷ் தேய்ந்தால் வளைவில் தொளதொளப்பு தெரியும். பின் தண்டுகளின் புஷ் தேய்ந்தால் பின்பக்கம் நெளியும்.

இங்கே ஓர் இரகசியம் உண்டு. பல பட்டறைகளில் தவறுவது இந்த இடத்தில்தான்.

புஷ் எப்படி இருக்கும்? உள்ளே ஓர் இரும்புக் குழாய். வெளியே ஓர் இரும்பு வளையம். நடுவில் ரப்பர். மூன்றும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அது சக்கரம் போலச் சுற்றாது. ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொண்டு, மறுபடி பழைய நிலைக்கு வரும்.

வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுவதும் முறுக்கிவிட்டால் என்ன ஆகும்? கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். இராப்பகலாக அந்த முறுக்கிலேயே கிடக்கும். சீக்கிரமே கிழிந்துவிடும். "புதுசு போட்டேன், அதுவும் போயிடுச்சு" என்று நாம் பாகத்தைத் திட்டுவோம். தவறு பாகத்தில் இல்லை!

ஆகவே பணிவாக ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "அண்ணே, வண்டி எடை சக்கரத்துல உட்கார்ந்த பிறகு கடைசி டைட் வையுங்க."

விலை குறைவு என்று போலி ரப்பரும் வாங்காதீர்கள். ரப்பருக்குப் பதில் கெட்டியான பிளாஸ்டிக் புஷ் போடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். பந்தய வண்டிக்கு அது சரி. குடும்பக் காருக்குச் சத்தமும் அதிர்ச்சியும்தான் மிச்சம். சொகுசுக்காக வாங்கிய காரில் சொகுசைக் கொல்லலாமா?

நான்காவது, ஷாக் அப்சார்பர்

ஸ்பிரிங்கின் வேலை துள்ளுவது. துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை.

அது செத்துவிட்டால் காருக்குப் படகு ஆட்டம் வரும். அதைவிட ஆபத்து, சக்கரம் ரோட்டிலிருந்து எழும்பி எழும்பி ஓடும். அந்தரத்தில் இருக்கும் சக்கரத்துக்குப் பிரேக் ஏது?

காரின் ஒரு மூலையைப் பலமாக அழுத்தி விடுங்கள். ஒரு முறை மேலே வந்து அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் மாற்ற வேண்டும். ஆயில் கசிந்திருந்தாலும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். இடதும் வலதும் ஜோடியாகப் போடுங்கள்.

வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறதா? ஸ்பிரிங்கின் மேல் ஒரு ரப்பர் திண்டு இருக்கும். அதில் சிறு புடைப்புகள் உண்டு. புடைப்பு ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதைப் பொறுத்துத் திண்டின் கனம் மாறும். உயரத்தைச் சரிசெய்ய ஜெர்மன்காரர்கள் செய்து வைத்த எளிய வழி அது!

ஒரு எச்சரிக்கை. இந்தக் காரின் ஸ்பிரிங்கை வீட்டில் கழற்ற முயலாதீர்கள். அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் குண்டு போலப் பாயும். அதற்கென்று தனிக் கருவி உண்டு. தெரிந்தவர்தான் தொட வேண்டும்.

கடைசியில் அலைன்மெண்ட்

சிலர் வண்டி இழுத்தால் உடனே அலைன்மெண்ட் பார்க்கப் போகிறார்கள். மூட்டெல்லாம் ஆடும்போது அளந்து என்ன பயன்? ஆடும் தொட்டிலில் குழந்தையை எடை போட முடியுமா?

எல்லா மூட்டும் உறுதியான பிறகுதான் அலைன்மெண்ட். இந்தக் காரின் முன் சக்கரங்களை அளக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பியைக் கொடுத்து இலேசாக விரித்து அளக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. பின் சக்கரங்களையும் அளக்க வேண்டும். "முன்னாடி மட்டும் போதும் சார்" என்றால் வேறு இடம் பாருங்கள்.

ஸ்டீரிங் பாக்ஸில் ஒரு திருகு இருக்கிறது. அதை முறுக்கினால் தளர்ச்சி குறைவது போலத் தோன்றும். முதலில் அதில் கை வைக்க வேண்டாம். அளவுக்கு மீறி முறுக்கினால் வளைவு முடிந்த பிறகு ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்பாது. எல்லாம் முடிந்த பிறகும் தளர்ச்சி இருந்தால், விவரம் தெரிந்தவர் கொஞ்சமாகத் திருப்பலாம்.

ஓட்டுபவரும் ஒரு பாகம்தான்

எல்லாம் புதிதாகப் போட்டாலும் ஒன்றை மறக்கக்கூடாது.

வளைவில் வேகம் இரண்டு மடங்கு ஆனால், காரை வெளியே தள்ளும் விசை நான்கு மடங்கு ஆகும்! 30 கிலோ மீட்டரில் திரும்பிய வளைவில் 60-ல் திரும்பினால், வண்டி இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு முரண்டு பிடிக்கும். எந்தப் புஷ்ஷும் எந்த டயரும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் பிரேக்கைத் திடீரென்று மிதிக்காதீர்கள்.

அம்மா தூங்கிவிட்டார்!

நமது கற்பனைக் குடும்பத்துக்கு வருவோம்.

மகன் கேட்ட பெரிய வீல் வரவில்லை. அந்தப் பணத்தில் நான்கு டயர், இரண்டு பால் ஜாயிண்ட், ஒரு கூடை ரப்பர், நான்கு ஷாக் அப்சார்பர் வந்தன. வெளியிலிருந்து பார்த்தால் காரில் ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எதையும் கவனிக்கவில்லை.

மே மாதம் வந்தது. கார் மலை ஏறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அப்பா திருப்பிய இடத்தில் கார் திரும்பியது. எதிரே லாரி வந்தபோது ஓரத்தில் ஒட்டி, கோடு போட்டது போல நின்றது.

மகன் மெதுவாகச் சொன்னான்: "அப்பா, இப்ப வண்டி கைக்கு அடங்குதுப்பா!"

அப்பா கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார்.

மலை ஏற மாட்டேன் என்ற அம்மா, சின்னக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதைவிட நல்ல சான்றிதழ் ஒரு காருக்கு வேறு என்ன வேண்டும்?

கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்!

நேர் ரோட்டில் அலைகிறதா? டயர், காற்று, ஸ்டீரிங் மூட்டுகளைப் பாருங்கள்.

படகு போல ஆடுகிறதா? ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்.

பள்ளத்தில் 'டக்' என்கிறதா? பால் ஜாயிண்டை உடனே பாருங்கள்.

பிரேக் பிடித்தால் இழுக்கிறதா? முன் கையின் புஷ்ஷையும், பிரேக்கையும் பாருங்கள்.

பின்பக்கம் நெளிகிறதா? பின் தண்டுகளின் புஷ்ஷையும், சட்டத்தின் ரப்பர் திண்டுகளையும் பாருங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். உறுதியான ஸ்டாண்டு வையுங்கள்.